சாத்தூரா, கோவில்பட்டியா? ஊர்க்காரர்கள் வந்து சொல்லுங்கள்

வைப்பாற்றுக்கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் சாத்தூர், மனைவிக்குக் கோவில்பட்டி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, இருப்பது கோயம்புத்தூரில். ரெண்டு ஊருக்கும் நடுவில் இருபத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான், ரயிலில் ஏறி உட்கார்ந்து பேப்பரை விரிப்பதற்குள் இறங்க வேண்டியது வந்துவிடும். ஆனால் பொண்ணு பார்க்க வந்த அன்றே என் மாமனார் "சாத்தூரா, அங்கே காரச் சேவைத் தவிர வேற என்ன இருக்கு?" என்று கேட்டார். எங்கள் அப்பா உடனே "உங்க ஊர்ல மிட்டாயைத் தவிர என்ன இருக்கு?" என்று திருப்பிக் கேட்டார். ரெண்டு பேரும் சிரித்துவிட்டார்கள், கல்யாணமும் நடந்தது. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் முடியவில்லை. தீபாவளி, பொங்கல், காதுகுத்து என்று எது வந்தாலும் சாப்பாட்டுக்கு அப்புறம் இதே பேச்சுதான்.

இப்போது எதற்கு எழுதுகிறேன் என்றால், மகள் நாலாவது படிக்கிறாள். 'எங்கள் ஊர்' என்று ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் கோவை, ஆனால் ஊர் என்றால் லீவுக்குப் போகிற ஊர்தான் அவளுக்கு. எந்த ஊரை எழுதுவது? அவள் அம்மா கோவில்பட்டி என்கிறாள், நான் சாத்தூர் என்கிறேன், அவள் நோட்டை மூடிக்கொண்டு எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டியது இதுதான். கடலை மிட்டாய் கோவில்பட்டிக்கு எப்படி வந்தது? காமராஜருக்கும் சாத்தூருக்கும் உள்ள தொடர்பு என்ன, விருதுநகர்க்காரர்கள் அவரை முழுசாகத் தங்களுக்கு என்று எடுத்துக்கொள்வது சரியா? எங்கள் தாத்தா கடைசி வரை தன்னைத் "திருநெல்வேலிச் சீமைக்காரன்" என்றுதான் சொல்லுவார். சாத்தூர் இருப்பது விருதுநகர் மாவட்டம், அதற்கு முன்னால் ராமநாதபுரம் மாவட்டம். பிறகு ஏன் அப்படிச் சொன்னார்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். பக்கத்து ஊர்க்காரர்களும் வரலாம், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், எட்டயபுரம் எல்லாரும்.

கரிசல்மதினி:

தம்பி, உங்க வீட்டுக்காரி பக்கம்தான் நான். கோவில்பட்டியில் பிறந்து கோவில்பட்டியிலேயே வாழ்க்கைப்பட்டவள். முதலில் மிட்டாய்க்கு வருகிறேன்.

இந்தப் பக்கம் மழையை நம்பிய கரிசல் காடு. மானாவாரியில் விளைகிற கடலை சின்னதாக இருக்கும், எண்ணெய்ச் சத்து நன்றாக இருக்கும், வறுத்தால் வாசனை தெருமுனை வரைக்கும் வரும். முன்னால் கருப்பட்டிப் பாகில்தான் கடலையை உருட்டினார்கள். 1940களில் பொன்னம்பல நாடார் என்பவர் கரும்பு வெல்லத்தில் செய்ய ஆரம்பித்தார், அதிலிருந்துதான் இப்போது நாம் தின்கிற கடலை மிட்டாய் என்று ஊரில் சொல்வார்கள். 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அந்தச் செய்தி வந்தபோது ஊரடங்கு, கடைகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. எங்கள் தெருவில் வீட்டுத் திண்ணையில் நின்றே ஒருவருக்கொருவர் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டோம்.

செய்கிற இடத்தைப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? இல்லை என்றால் மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கடலையை வறுத்து, தோலை நீக்கி, ரெண்டாக உடைத்து, முளையையும் புடைத்து எடுத்துவிடுவார்கள். ஒரு பக்கம் வெல்லப் பாகு கொதிக்கும். பாகு பதமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்து விரலால் ஒடிப்பார்கள், 'டக்' என்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஆகவில்லை. கொஞ்சம் தாண்டிவிட்டால் கசக்கும், அந்தச் சட்டியே வீண். கடலையைக் கொட்டிக் கிளறிப் பலகையில் தட்டி, கட்டையால் உருட்டிச் சமப்படுத்தி, சூடு ஆறுவதற்குள் கோடு போட்டு வெட்ட வேண்டும். அந்த அவசரத்தில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். நான் சின்ன வயதில் சித்தப்பா வேலை பார்த்த பட்டறைக்குப் போவேன், ஓரத்தில் உதிர்ந்த துண்டுகளை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். அந்த உதிரித் துண்டுதான் உலகத்திலேயே நல்ல கடலை மிட்டாய் என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

ஆனால் தம்பி, மிட்டாயோடு எங்கள் ஊரை முடித்துவிடாதீர்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு சின்ன ஊர். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அந்த ஒரே ஊர்க்காரர்கள், சின்ன வயதிலிருந்தே சிநேகிதர்கள், ரெண்டு பேருமே 1923இல் பிறந்தவர்கள். ரெண்டு பேருக்கும் சாகித்ய அகாதமி விருது, ஒருவருக்கு 1970, இன்னொருவருக்கு 1991. அப்புறம் 2014இல் பூமணி, 2019இல் சோ. தர்மன், அவர்களும் இந்தக் கோவில்பட்டி வட்டாரம்தான். ஒரு சின்ன ஊரைச் சுற்றி நாலு பேர். வானம் பார்த்த பூமியில் என்ன விளையும் என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன்.

ஹாக்கியையும் விட்டுவிடாதீர்கள். மற்ற ஊரில் தெருவில் கிரிக்கெட் மட்டையோடு பையன்கள் நிற்பார்கள், எங்கள் ஊரில் ஹாக்கி மட்டை. 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார் எங்கள் ஊர் மாரீஸ்வரன். போட்டி நடக்கிற நாட்களில் ராத்திரி மைதானத்தில் உட்கார இடம் கிடைக்காது.

மகளைக் கோவில்பட்டியைப் பற்றியே எழுதச் சொல்லுங்கள்.

ரெண்டாவது பிளாட்பாரம்:

மதினி சொன்னது எல்லாம் சரி, ஒன்றுக்கும் மறுப்பில்லை. ஆனால் சாத்தூருக்கு ஆள் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், சாத்தூர் ஸ்டேஷன் எனக்கு வீடு மாதிரி.

தம்பி, உங்க தாத்தா சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவர் சொன்னதுதான் சரி. ராமநாதபுரம் மாவட்டம் என்பதே 1910இல்தான் உண்டானது. மதுரை மாவட்டத்திலிருந்து கொஞ்சம், திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து கொஞ்சம் வெட்டி எடுத்துச் சேர்த்தார்கள். சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அதுவரை திருநெல்வேலி மாவட்டத்துத் தாலுகாக்கள். உங்க தாத்தாவுக்கு அவர் அப்பா சொன்ன பழக்கத்தில் அது வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும். 1985இல் ராமநாதபுரத்தைப் பிரித்து நம் மாவட்டத்தை உண்டாக்கினார்கள், முதலில் வைத்த பெயர் காமராஜர் மாவட்டம். அடுத்த வருடம் திருநெல்வேலியைப் பிரித்து அந்தப் பக்கம் தூத்துக்குடி மாவட்டம், கோவில்பட்டி அதில் போய்விட்டது. ஆக, உங்க வீட்டில் சண்டை போடுகிற ரெண்டு ஊரும் நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் ஒரே கலெக்டருக்குக் கீழே இருந்தவை. மாமனாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது காமராஜர். அவர் பிறந்தது விருதுநகர், 1903 ஜூலை 15. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் 1957லும் 1962லும் அவர் சட்டமன்றத்துக்குப் போனது எங்கள் சாத்தூர் தொகுதியிலிருந்து. தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக்கூடம் திறந்தாரே, அணை கட்டினாரே, அந்த வருடங்களில் பெரும்பகுதி அவர் சாத்தூர் எம்எல்ஏ. 1967இல் சொந்த ஊரான விருதுநகரில் நின்றார், 1,285 ஓட்டில் தோற்றார். எங்கள் அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. "நம்ம ஊர்லயே நின்னிருக்கலாம்" என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். சாத்தூரில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு பேச்சு, அந்த வருடம் காற்றே வேறு. ஆனால் எங்கள் ஊர் அவரை ரெண்டு தடவை ஜெயிக்க வைத்தது, ஒரு தடவைகூடத் தோற்கடிக்கவில்லை. மகளிடம் இதை எழுதச் சொல்லுங்கள்.

சேவைப் பற்றி மதினி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். கடலை மாவு, அரிசி மாவு, வற்றல் பொடி, அரைத்த பூண்டு, பெருங்காயம், அவ்வளவுதான் சாமான். அடுப்பில் எண்ணெய் காய்ந்ததும் ஓட்டை போட்ட கரண்டியைச் சட்டிக்கு மேலே வைத்து, மாவை உள்ளங்கையால் தேய்த்துத் தள்ளுவார்கள். கை எண்ணெயிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும், ஆவி முழங்கை வரைக்கும் அடிக்கும். விழுகிற சேவு முதலில் மூழ்கி, பிறகு மேலே வந்து, நுரை அடங்கினால் எடுத்துவிட வேண்டும். பூண்டு வாசனையை வைத்தே பதம் சொல்லிவிடுவார் மாஸ்டர். காரச் சேவு மட்டுமில்லை, மிளகுச் சேவு உண்டு, கருப்பட்டிப் பாகில் புரட்டிய இனிப்புச் சேவு உண்டு, சீரணி மிட்டாயும் உண்டு. இனிப்பிலும் எங்களுக்குக் குறைவில்லை என்று சொல்ல வந்தேன்.

வெள்ளரிக்காய் ஞாபகம் இருக்கிறதா? கோடையில் ரயில் நின்றதும் கூடை கூடையாக வருவார்கள், பிஞ்சாக, விரல் நீளத்தில், மேலே லேசாகச் சொணை இருக்கும். துடைத்துவிட்டு அப்படியே கடித்தால் பல்லில் குளிர்ச்சி ஏறும். வண்டி கிளம்பிய பிறகும் கூடவே ஓடிவந்து சன்னல் வழியாகச் சில்லறை வாங்குவார்கள், காசு வராவிட்டாலும் காய் உங்கள் கையில்தான் இருக்கும். நான் வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ பயணிகள் அடுத்த முறை வரும்போது அந்தப் பழைய பாக்கியைத் தேடிக் கொடுத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. மை பேனா காலத்தில் நிப்புக்குப் பேர் போன ஊர் சாத்தூர். பட்டறை பட்டறையாக நிப்பு அடித்தார்கள். பால்பாயிண்ட் வந்து அந்தத் தொழிலைத் தின்றுவிட்டது. கோவில்பட்டி எழுத்தாளர்களில் எத்தனை பேர் சாத்தூர் நிப்பில் எழுதினார்களோ! எழுத்தாளர் கணக்கு என்றால், 2008இல் சாகித்ய அகாதமி வாங்கிய மேலாண்மை பொன்னுச்சாமி எங்கள் மாவட்டத்து மேலாண்மறைநாட்டுக்காரர், அவரும் கரிசல்காட்டு மனிதர்தான் மதினி.

குட்டிஜப்பான்:

சிவகாசியிலிருந்து வணக்கம். அண்ணாச்சியும் மதினியும் தீப்பெட்டியைப் பற்றிப் பேசாமலே போய்விட்டார்கள், ஆச்சரியமாக இருக்கிறது. ரெண்டு ஊரிலும் எத்தனை வீட்டுக்கு அடுப்பு எரிந்தது தீப்பெட்டி ஆபீஸ் சம்பளத்தில்! அந்தத் தொழிலை இந்தப் பக்கம் கொண்டுவந்தது சிவகாசி. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் எட்டு மாதம் தங்கித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். ஒன்றாக ஆரம்பித்துப் பிறகு தனித்தனியாகப் பிரிந்தார்கள், அணில் மார்க் ஒருவருக்கு, காக்கா மார்க் ஒருவருக்கு. சண்டை போட்டுப் பிரியவில்லை, தொழில் பெருக வேண்டும் என்றே பிரிந்தார்கள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

மழை இல்லாத ஊர் என்று எல்லாரும் எங்களுக்காகப் பரிதாபப்பட்டார்கள். அந்த வறண்ட காற்றுதான் குச்சியையும் மருந்தையும் காயவைத்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று அச்சு வந்தது, அச்சு வந்ததால் காலண்டர் வந்தது, தீப்பெட்டி மருந்தைக் கையாளத் தெரிந்ததால் பட்டாசு வந்தது. ஒன்று இன்னொன்றைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்த கதை. நேரு 'குட்டி ஜப்பான்' என்று சொன்னார் என்பதைப் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தோம்.

ஆனால் இதை எழுதும்போது இன்னொன்றையும் எழுதாமல் இருக்க முடியாது. விபத்து நடக்காத வருடம் இல்லை. எங்கள் தெருவிலேயே ரெண்டு வீட்டில் படம் மாட்டியிருக்கிறது. சிவகாசிப் பட்டாசு என்று பெருமையாகச் சொல்லும்போது அந்த வீடுகளும் ஞாபகத்துக்கு வரும். பாப்பாவின் கட்டுரையில் இடம் இருந்தால் பட்டாசு செய்கிறவர்களைப் பற்றியும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள் அண்ணே.

ஊர்ப் பெயருக்கும் ஒரு கதை உண்டு. பாண்டிய மன்னர் காசியிலிருந்து தென்காசிக்கு லிங்கம் கொண்டுபோனபோது, சுமந்துவந்த பசு இங்கேயே நின்றுவிட்டது, அதனால் இங்கேயே வைத்துவிட்டார்கள், சிவகாசி ஆனது என்பார்கள். தென்காசிக்காரர்களிடம் இதைச் சொல்லித்தான் எங்கள் சீண்டல் ஆரம்பிக்கும், "உங்களுக்கு வரவேண்டியது எங்களிடம் நின்றுவிட்டது" என்று.

வடபத்ரசாயி தெரு:

ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கும்போது மற்ற ஊர்கள் பழமை பேசலாமா? சாத்தூர், கோவில்பட்டி, சிவகாசி, எல்லாமே எனக்குப் பிடித்த ஊர்கள்தான், சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த ஊர் இது. அதோடு வேறு எதை வைத்து எடை போடுவீர்கள்?

கோபுரம் பதினொரு நிலை, 192 அடி. மதுரை ரோட்டில் வரும்போது ஊர் வருவதற்கு முன்னால் கோபுரம் வந்துவிடும். தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது அந்தக் கோபுரம்தான் என்று நாங்கள் சொல்கிறோம். மதுரைக்காரர்கள் மீனாட்சியம்மன் கோயில் மேலக் கோபுரம் என்று சொல்கிறார்கள். இந்த வழக்கு என் தாத்தா காலத்திலிருந்து நடக்கிறது, மதுரையில் படித்த நாலு வருடமும் ஹாஸ்டலில் நான் இதற்காகத் தனி ஆளாக வாதாடியிருக்கிறேன். இப்போது கேட்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் மதுரைக்கும் எங்களுக்கும் சண்டை மட்டும் இல்லை. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும்போது போட்டுக்கொள்கிற மாலை ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலை, இங்கேயிருந்துதான் போகிறது. புரட்டாசியில் திருப்பதிக்கும் போகிறது. மாலை கிளம்புகிற அன்று தெருவில் நின்று பார்த்திருக்கிறேன், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மேளத்தோடு போவார்கள், வயதான அம்மாக்கள் கல்யாணப் பெண்ணை வழியனுப்புகிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆண்டாள் கையில் இருக்கிற கிளி தினமும் புதுசு. இலையிலும் பூவிலும் கட்டுகிறார்கள், மூக்குக்கு மாதுளம்பூ. சாயங்காலம் கட்டியது மறுநாள் பிரசாதமாகிவிடும், திரும்பவும் முதலிலிருந்து. ஒரு கிளி கட்டுவதற்கே சில மணி நேரம் ஆகும்.

பால்கோவாவுக்கு வருகிறேன். 2019இல் புவிசார் குறியீடு எங்களுக்கு வந்தது, கோவில்பட்டிக்கு 2020. மதினி தேதியைக் கவனிக்கவும்! பாலும் சீனியும் தவிர வேறு எதுவும் கிடையாது. விறகடுப்பில் அகலமான சட்டியில் பாலை ஊற்றி, கை ஓயாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், அடியில் பிடிக்கவும் கூடாது, ஆடை கட்டவும் கூடாது. வெதுவெதுப்பாக வாழையிலையிலோ காகிதத்திலோ வாங்கி, கடை வாசலிலேயே நின்று சாப்பிட்டுவிட வேண்டும். டப்பாவில் அடைத்துச் சென்னை வரைக்கும் போனது பால்கோவாதான், ஆனால் அது பயணத்தில் களைத்துப்போன பால்கோவா.

மலையடிவாரம்:

ராஜபாளையம். பக்கத்து வீட்டுக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூர் பேசிவிட்டார், பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி நாங்கள் இருக்கிறோம், சும்மா இருக்க முடியுமா?

காமராஜர் பேச்சு வந்ததால் சொல்கிறேன். இந்த மாவட்டம் ரெண்டு முதலமைச்சர்களைக் கொடுத்தது என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்டவர் பி. எஸ். குமாரசாமி ராஜா, ராஜபாளையத்துக்காரர். பிறகு ஒரிசா கவர்னராகவும் இருந்தார். குடியிருந்த சொந்த வீட்டையே காந்தி கலைமன்றத்துக்கு எழுதிக்கொடுத்தவர். அந்தக் கட்டடத்துக்கு முன்னால் போகும்போதெல்லாம் எனக்கு நடை மெதுவாகிவிடும்.

எங்கள் ஊர் நாய்க்குத் தபால்தலை உண்டு, 2005இல் வெளியிட்டார்கள். வெள்ளை வெளேர் என்று, மூக்கு மட்டும் ரோஸ் நிறத்தில், வளர்த்தவரைத் தவிர யாரையும் பக்கத்தில் விடாது. அடிபட்ட காயத்துக்குக் கட்டுகிறீர்களே பேண்டேஜ் துணி, அது எங்கள் பக்கத்துச் சத்திரப்பட்டித் தறியில் நெய்தது. சிவகாசித் தம்பி சொன்னது மனதில் பட்டது. அங்கே காயம்பட்டால் கட்டுகிற துணி இங்கேயிருந்து வருகிறது.

சப்பட்டை மாம்பழக் காலத்தில் வாருங்கள். அவ்வளவுதான் சொல்லுவேன், மீதியைப் பழம் சொல்லும்.

எட்டையன்:

எட்டயபுரத்தை யாரும் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்று பார்த்தேன், கேள்வி கேட்டவரே பெயர் சொல்லி அழைத்திருக்கிறார், நன்றி அண்ணாச்சி.

கோவில்பட்டிக்கும் எங்களுக்கும் உள்ள கணக்கு வேறு. ஒரு காலத்தில் எட்டயபுரம்தான் ஊர், ஜமீன் அரண்மனை இருந்த ஊர், கோவில்பட்டி பக்கத்துக் கிராமம். 1870களில் மதுரையிலிருந்து தெற்கே ரயில் வந்தபோது தண்டவாளம் கோவில்பட்டி வழியாகப் போனது, எங்களைத் தொடவில்லை. ஸ்டேஷன் வந்த இடத்தில் பஞ்சு வந்தது, மில் வந்தது, சந்தை வந்தது. இப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் காலேஜுக்கும் சினிமாவுக்கும் கோவில்பட்டிக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள்.

ஆனால் 1882இல் பாரதி பிறந்தது இங்கேதான். அதற்கு முன்னால் 1835இல் முத்துசாமி தீட்சிதர் கடைசி மூச்சை விட்டது இங்கே, அவர் சமாதி இங்கே இருக்கிறது. நபிகள் நாயகத்தைத் தமிழில் பாடிய உமறுப் புலவர் அடங்கியிருப்பதும் இங்கே. மூன்று பேரின் இடத்தையும் நடந்தே பார்த்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அப்படித்தான் என் பையனைக் கூட்டிப்போனேன். பாரதி பிறந்த வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து "இவ்வளவு சின்ன வீடா?" என்று கேட்டான். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

கட்டபொம்மன் விஷயத்தில் எங்கள் ஊரைப் பார்த்துச் சுற்றுப்பட்டியில் எல்லோரும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார்கள். 1799இல் எங்கள் பாளையக்காரர் கம்பெனி பக்கம் நின்றார், அது நடந்தது. அந்த ஜமீன் காரியத்துக்கு நெசவு நெய்கிற சனம் என்ன செய்யும்? அதே மண்ணிலிருந்துதான் நூறு வருடத்துக்குள் பாரதி வந்தான்.

காமராஜரைச் சாத்தூரும் விருதுநகரும் பங்கு போட்டுக்கொள்கிறீர்கள். பள்ளிக்கூட மதிய உணவுத் திட்டத்தை அவர் தொடங்கி வைத்தது எட்டயபுரத்தில். பாரதி பிறந்த ஊர் என்று தேடி வந்தார். எங்களுக்கும் ஒரு பங்கு வையுங்கள்.

கரிசல்மதினி:

எட்டயபுரத்துத் தம்பி, ரயில் எங்கள் பக்கம் வந்ததற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்? ஆனால் சேலைக்கு இன்றைக்கும் உங்க ஊர்தான். என் கல்யாணத்துக்கு எடுத்த எட்டயபுரம் சேலை பெட்டியில் அப்படியே இருக்கிறது, கரை மங்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு: தேதியைப் பார்த்தேன். ஒரு வருடம் மூத்தவர் என்பதால் வணக்கம் வைக்கிறேன், மிட்டாயை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிளாட்பாரம் அண்ணாச்சி, ஆடி வெள்ளிக்கு எங்க வீட்டிலிருந்து இருக்கன்குடிக்கு நடந்துதான் வருவோம். ராத்திரி கிளம்பினால் விடிகிற நேரம் கோயில். வழியில் சாத்தூர்ப் பக்கத்து ஆட்கள் பந்தல் போட்டு நீர்மோரும் பானக்கமும் கொடுப்பார்கள். கால் கொப்பளித்துப் போய் உட்கார்ந்திருந்தபோது ஒரு பாட்டி வந்து என் காலில் விளக்கெண்ணெய் தடவிவிட்டார், எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. சாத்தூரைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சேவு இல்லை, அந்தப் பாட்டி.

வைப்பாற்றுக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. எல்லாவற்றையும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். 1910 விஷயத்தைக் கேட்டதும் மனைவி உடனே தன் அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு "அப்படின்னா சாத்தூரும் நம்ம சீமைதானே, அப்போ சேவும் நம்மதுதான்" என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருடத்தில் அவர் வாயால் சேவை 'நம்மது' என்று சொல்வது இதுதான் முதல் தடவை. எங்கள் அப்பாவுக்குச் சொன்னேன், அவரும் கடலை மிட்டாயைக் கேட்கிறார்.

மகள் கட்டுரையை முடித்துவிட்டாள். தலைப்பை மாற்றிக்கொள்ளலாமா என்று டீச்சரிடம் கேட்டு, 'எங்கள் ரயில் பாதை' என்று வைத்திருக்கிறாள். விருதுநகரில் ஆரம்பித்துச் சாத்தூர் வந்து கோவில்பட்டியில் இறங்குகிறாள், நடுவில் வெள்ளரிக்காய் வாங்குகிறாள், காசு கொடுப்பதற்குள் வண்டி கிளம்பிவிடுகிறது, திரும்பி வரும்போது பாக்கியைக் கொடுக்கிறாள். அண்ணாச்சி, அது நீங்கள் எழுதியதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கிளியும் எட்டயபுரத்து வீடும் பக்கத்தில் அடங்கவில்லை, லீவில் நேரில் பார்த்துவிட்டு எழுதுவதாகச் சொல்கிறாள். பட்டாசு செய்கிறவர்களைப் பற்றி ரெண்டு வரி எழுதியிருக்கிறாள், சிவகாசித் தம்பி.

அடுத்த வாரம் ஊருக்கு வருகிறோம். சேவு எத்தனை மணிக்குப் போனால் சூடாகக் கிடைக்கும்? அவளுக்கு மாவு தேய்க்கிறதைப் பார்க்க வேண்டுமாம்.

ரெண்டாவது பிளாட்பாரம்:

சாயங்காலம் நாலு மணிக்கு மேலே வாருங்கள், முதல் சட்டி அப்போதுதான் இறங்கும். ஸ்டேஷனில் இறங்கியதும் சொல்லுங்கள், நானே கூட்டிப்போகிறேன். மாமனாரையும் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.